முதுமலையில் லத்தி எண்ணிய கதை

மே 22, 2024, புதன்

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். சின்ன அரசுப் பேருந்துதான் அதில் ஓடுகிறது. ஜன்னலோரம் இடம் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டவன், பத்தாவது வளைவிலேயே கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பாட்டி கேரட் மூட்டையை என் கால்மேல் சாய்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். இந்த மாதம் 7ஆம் தேதியிலிருந்து நீலகிரிக்குச் சொந்த வண்டியில் வர இ-பாஸ் வேண்டும். பஸ்ஸில் வருகிறவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. கேரட் மூட்டைதான்.

வந்த காரணம் யானை. நாளை முதல் மூன்று நாட்களுக்குத் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என நான்கு மாநிலங்களிலும் ஒரே நேரத்தில் யானைக் கணக்கெடுப்பு. முதுமலைக்கு வடக்கே பந்திப்பூர், மேற்கே வயநாடு. எல்லைக்கோடு வரைபடத்தில்தான் இருக்கிறது, காலையில் இங்கே மேய்ந்த கூட்டம் ராத்திரி மாயாற்றைத் தாண்டிக் கர்நாடகத்துக்குப் போய்விடும். தனித்தனியாக எண்ணினால் ஒரே யானை இரண்டு மாநிலக் கணக்கிலும் ஏறும், அல்லது இரண்டிலும் விடுபடும். அதனால்தான் ஒரே நாளில் எண்ணுகிறார்கள்.

நான் ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கிடங்கில் கணக்கு பார்ப்பவன். வருடத்துக்கு இரண்டு தடவை ஸ்டாக் எடுப்பேன். பேல் பேலாக எண்ணி, சீட்டில் குறித்து, கணினியில் ஏற்றி, வித்தியாசம் வந்தால் யார் தலையில் கட்டலாம் என்று யோசிப்பது என் தொழில். தன்னார்வலர் விண்ணப்பத்தில் 'முன் அனுபவம்' என்ற இடத்தில் அதையே எழுதினேன். எப்படியோ எடுத்துக்கொண்டார்கள்.

மதியம் வகுப்பு. கல்லூரி மாணவர்கள் ஏழெட்டுப் பேர், முழங்கை நீள லென்ஸோடு ஒரு புகைப்படக்காரர், நான். ரேஞ்சர் நிதானமாகப் பேசினார். முதல் நாள் பிளாக்கில் நடந்து நேரில் பார்க்கும் யானையை எண்ணுவது, இரண்டாம் நாள் நேர்கோட்டில் நடந்து லத்தியை, அதாவது யானைச் சாணத்தை, எண்ணுவது, மூன்றாம் நாள் தண்ணீர்க் குட்டையில் உட்கார்ந்து வருகிற யானையை எண்ணுவது.

"இங்க மொத்தம் எத்தனை யானை சார் இருக்கும்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"எத்தனை இருக்குன்னு யாருக்கும் தெரியாதும்மா. எத்தனை இருக்கலாம்னுதான் சொல்ல முடியும்."

என் போன்ற ஆளுக்கு இது அதிர்ச்சி. எங்கள் முதலாளியிடம் "இத்தனை பேல் இருக்கலாம்" என்று சொல்லிப் பார்க்க வேண்டும்!

கடைசியாகப் படிவத்தைக் கொடுத்துவிட்டு ரேஞ்சர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "எதுவும் பார்க்கலைன்னா பூஜ்யம் போடுங்க. கட்டத்தைக் காலியா விடாதீங்க. காலியா இருந்தா நீங்க அங்க போகவே இல்லைன்னு அர்த்தம். பூஜ்யம்னா, போனீங்க, பார்த்தீங்க, இல்லை." புகைப்படக்காரர் அதற்குள் லென்ஸ் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் கொண்டுவந்த மூன்று சட்டைகளில் ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள், மூன்றாவது நீலத்தில் வெள்ளைக் கோடு. என் குழுவின் மூத்த வாட்சர் மூன்றையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்த் தன்னுடைய பழைய காக்கிச் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். வயிற்றுப் பக்கம் ஒரு பொத்தான் போட முடியவில்லை, அது சட்டையின் குற்றமில்லை.

மே 23, வியாழன்

முகாம் என்பது காட்டுக்குள் ஒரு கான்கிரீட் அறை, சுற்றிலும் யானை தாண்டாத அகழி, உள்ளே போக இரண்டு மரப்பலகை. சோலார் விளக்கு ஒன்று. அதற்குத் தேவையே இல்லாதபடி நிலா பொழிந்தது, இன்று பௌர்ணமி. விடியற்காலை நாலரைக்கு எழுப்பினார்கள்.

எங்கள் குழுவில் நாலு பேர். வனக்காப்பாளர் ஒருவர், சின்ன வயசு வாட்சர் ஒருவர், சட்டை கொடுத்த அண்ணா, நான். அண்ணா பெட்டகுறும்பர் பழங்குடி. இந்தக் காட்டில்தான் பிறந்தார். பேச்சு குறைவு. நடக்கும்போது ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து விரலிடுக்கில் மெல்ல விடுவார், தூசு போகிற திசையைப் பார்ப்பார், பாதையை மாற்றுவார். காற்று நம்மிடமிருந்து யானைக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான் சூத்திரம்.

எங்கள் பிளாக் சுமார் 5 சதுர கிலோமீட்டர். முதுமலையை மேற்கிலிருந்து கிழக்காகப் பார்த்தால் மழை குறைந்துகொண்டே வரும். கூடலூர்ப் பக்கம் ஈரக்காடு, நடுவில் தேக்கும் வெக்காலியும் நிற்கும் இலையுதிர் காடு, மசினகுடிப் பக்கம் உசிலையும் இலந்தையும் வேலமுமாக முள்காடு. அரை மணி நேர ஜீப் பயணத்தில் காடு மூன்று தடவை வேட்டி மாற்றிக்கொள்கிறது. 1940இல் சரணாலயம் ஆன இடம் இது. 2007இல் புலிகள் காப்பகமானது.

ஆனால் மூன்று காட்டிலும் பொதுவாக ஒன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. உண்ணிச்செடி. ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூத்து, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. வெள்ளைக்காரன் பூந்தோட்டத்துக்காகக் கொண்டுவந்த அமெரிக்கச் செடி. ஆள் உயரத்துக்கு மேல் புதர் புதராக மண்டி, அடியில் ஒரு புல் முளைக்க விடவில்லை. மானும் காட்டெருமையும் புல்லுக்கு எங்கே போகும்?

காலை பத்தே முக்காலுக்கு அண்ணா கையைப் பின்னால் நீட்டி எங்களை நிறுத்தினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சாம்பல் நிறப் பாறை ஒன்று உண்ணிப்புதருக்குப் பின்னால் இருந்தது. பாறை காதை ஆட்டியது.

அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. மூன்று பெரிய பெண் யானைகள், தோள் உயரத்துக்கு வளர்ந்த ஒன்று, தாயின் வயிற்றுக்கு அடியில் புகுந்து நிற்கிற குட்டி ஒன்று. வயதை உயரத்தை வைத்துத்தான் போட வேண்டும். பக்கத்தில் நிற்கிற வளர்ந்த பெண் யானைதான் அளவுகோல். அடிவயிற்றுக்குக் கீழே நுழைய முடிகிற குட்டிக்கு ஒரு வயது ஆகியிருக்காது. வனக்காப்பாளர் கிசுகிசுத்தார், நான் எழுதினேன். நெஞ்சு அடிக்கிற சத்தம் யானைக்குக் கேட்டுவிடுமோ என்று பயம்.

"ஆறு," என்றார் அண்ணா.

நான் மறுபடி எண்ணினேன். ஐந்துதான்.

"புதருக்குள்ள ஒண்ணு நிக்குது. காது தட்டுற சத்தம் கேக்குதுல்ல?"

கேட்டது. ஈரத்துணியை உதறுவது போல, தொப், தொப் என்று. இருபது நிமிடம் அசையாமல் நின்றோம். ஐந்தும் மெல்ல ஓடைப் பக்கம் இறங்கின. ஆறாவது வேறு பக்கமாகப் புதரை விலக்கிக்கொண்டு போனது, கிளைகள் ஆடுவதை மட்டும் பார்த்தோம்.

"ஆறுன்னு போடவா?" என்றேன்.

"பார்த்தியா?" என்றார் அண்ணா. சட்டை கொடுத்த உரிமையில் 'நீ'க்கு வந்துவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

"இல்ல."

"அப்ப அஞ்சு."

மத்தியானத்துக்கு மேல் ஒற்றை ஒன்று. தந்தம் இல்லை. நான் பெண் என்று எழுதப்போனேன், வனக்காப்பாளர் பேனாவைப் பிடித்தார். நெற்றி புடைப்பு, தும்பிக்கை தொடங்கும் இடத்தின் பருமன், பின்பக்கச் சரிவு எல்லாவற்றையும் காட்டி மக்னா என்றார். தந்தமில்லாத ஆண். தந்தத்துக்காக ஆண்களைச் சுட்டுத் தள்ளிய காலத்தில் தப்பித்த வகை. அந்த வேட்டையில் தென்னிந்தியக் காடுகள் பலவற்றில் பெண்களுக்கு இணையாக ஆண்கள் இல்லாமல் போயின. அதனால்தான் படிவத்தில் தலை எண்ணிக்கையோடு ஆணா பெண்ணா, என்ன வயது என்பதற்கும் கட்டங்கள் இருக்கின்றன. நூறு யானை இருக்கிறது என்று சொல்லி அதில் குட்டி இரண்டுதான் என்றால் அந்தக் காட்டுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம்.

ராத்திரி ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும். உடம்பில் ஒன்பது உண்ணி பிடுங்கினேன். செடியில்லை, பூச்சி.

மே 24, வெள்ளி

இன்றைக்கு லத்தி. நேற்று யானையைப் பார்த்த பெருமையில், இன்றைக்கு என்னடா சாணி எண்ணப் போகிறோம் என்ற அலட்சியத்தோடுதான் கிளம்பினேன்.

இரண்டு கிலோமீட்டர் நேர்கோடு. ஜிபிஎஸ்ஸில் தொடக்கமும் முடிவும் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். நேர்கோடு என்றால் நேர்கோடுதான், பாதை வசதியாக இருக்கிறது என்று பக்கத்தில் போகக் கூடாது. யானை நல்ல பாதையில்தான் அதிகம் நடக்கும், நாமும் அதிலேயே போனால் லத்தி கூடுதலாகக் கிடைக்கும், கணக்கு பொய்யாகும். ஆகவே உண்ணிப்புதர் வந்தாலும் உள்ளேதான். சின்னவர் அரிவாளால் வழி வெட்ட, நான் பல இடங்களில் நாலு காலில் போனேன். காக்கிச் சட்டையின் இன்னொரு பொத்தானும் போனது.

கோட்டிலிருந்து இடமும் வலமும் கண்ணுக்குத் தெரிகிற ஒவ்வொரு லத்திக் குவியலுக்கும், கோட்டிலிருந்து செங்குத்தாக எத்தனை தூரம் என்று டேப் பிடிக்க வேண்டும். எதற்கு என்று கேட்டேன். வனக்காப்பாளர் நன்றாகச் சொன்னார். காலடியில் கிடப்பதை யாரும் தவறவிட மாட்டோம். பத்து மீட்டர் தள்ளிக் கிடப்பதில் பாதியை விட்டுவிடுவோம். தூரம் கூடக் கூட எத்தனை விட்டுப்போகிறது என்பதை அந்த அளவுகளே காட்டிக்கொடுத்துவிடும். அதிலிருந்து பார்க்காமல் விட்டதையும் சேர்த்துக் கணக்குப் போடலாம்.

தவறவிடுவோம் என்று ஒப்புக்கொண்டு, எவ்வளவு தவறவிடுவோம் என்பதையும் அளந்து வைக்கிற கணக்கு! இருபது வருட ஸ்டாக் வேலையில் இப்படி ஒன்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மிச்சம் சுலபம். ஒரு யானை ஒரு நாளைக்குச் சுமார் 16 தடவை லத்தி போடும். ஒரு குவியல் மண்ணோடு மண்ணாக எத்தனை நாள் ஆகும் என்பதைத் தனியாகப் பார்த்து வைத்திருப்பார்கள். இந்த இரண்டும், இத்தனை பரப்பில் இத்தனை குவியல் என்பதும் தெரிந்தால், இத்தனை யானை என்று வந்துவிடும். சிக்கல் மழையில் இருக்கிறது. போன வாரம் இங்கே நல்ல மழை. மழை பெய்தால் லத்தி சீக்கிரம் கரையும், கரைந்ததை எண்ண முடியாது, யானை குறைந்தது போலத் தெரியும். ஆகவே வெயில் காலத்துக் கரையும் வேகத்தை மழைக்குப் பிறகு அப்படியே போட்டால் தப்பு.

ஏழாவது குவியல் அன்று அதிகாலைப் போட்டது. இன்னும் சூடு. ஆறு உருண்டைகள், ஒவ்வொன்றும் சின்னத் தேங்காய் அளவு. அண்ணா ஒன்றைக் குச்சியால் பிளந்து காட்டினார். உள்ளே பெரும்பாலும் நார். யானை தின்பதில் பாதிக்கு மேல் செரிக்காமல் வெளியே வருகிறது, அதனால் நாற்றம்கூடப் பெரிதாக இல்லை, ஊறவைத்த வைக்கோல் வாசம். மூங்கில் கீற்று, மரப்பட்டைத் துணுக்கு, முழுசாகப் புளியங்கொட்டை பதினாலு. கருவண்டுகள் அதற்குள் வந்துவிட்டன. ஒரு வண்டு தன்னைவிடப் பெரிய உருண்டையைப் பின்னங்காலால் தள்ளிக்கொண்டு தலைகீழாக நடந்தது, என் ஷூவில் முட்டி, சுற்றிக்கொண்டு போனது.

அடுத்த உருண்டைக்குள் மசாலாத்தூள் பாக்கெட். ஐந்து ரூபாய்ப் பாக்கெட், விலை அச்சு அழியவில்லை. யானையின் குடல் முழுக்கப் பயணம் செய்துவந்தும் விளம்பரத்தில் சிரிக்கிற பெண்ணின் முகம் அப்படியே இருந்தது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. 'குறிப்பு' என்ற இடத்தில் எழுதினேன். அண்ணா பாக்கெட்டைத் துடைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

ஒரு கிலோமீட்டர் முடிந்ததும் ஒரு வெக்காலி நிழலில் உட்கார்ந்தோம். அண்ணா எழுந்து மரத்தின் முன்னால் நின்று, நெஞ்சுக்கு நேராகப் பட்டையில் கையை வைத்தார்.

"இந்த உசரத்துல டேப்பு போடணும். ஒண்ணு புள்ளி மூணு மீட்டர்."

அப்போதுதான் தெரிந்தது, அவர் இளவயதில் பல வருடம் மரம் அளக்கும் குழுவோடு வேலை செய்தவர் என்று.

அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் துறையினர், யானை ஆய்வாளர் ஆர். சுகுமார் முன்னின்று நடத்த, 1988இல் முதுமலைக் காட்டுக்குள் 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து எல்லை போட்டார்கள். ஒரு கிலோமீட்டர் நீளம், அரைக் கிலோமீட்டர் அகலம். அதற்குள் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் செடிக்கும் எண் எழுதிய தகடு. எங்கே நிற்கிறது, என்ன இனம், எவ்வளவு தடிமன், எல்லாம் பதிவு. முதல் கணக்கில் ஏறத்தாழ 26 ஆயிரம் வந்தன, எழுபது சொச்சம் இனங்கள். அப்புறம் ஒவ்வொரு வருடமும் போய் எது செத்தது, எது புதிதாக முளைத்தது என்று பார்ப்பது, நாலு வருடத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் திரும்ப அளப்பது. பனாமாவில் இதே அளவில் ஒரு காட்டை 1980களின் தொடக்கத்திலிருந்து இதே போல அளக்கிறார்கள். அங்கே இரண்டு லட்சத்துக்கு மேல் தண்டுகள். இங்கே தீயும் யானையும் கீழ்த்தட்டைச் சுத்தமாக வைத்திருப்பதால் அவ்வளவு நெருக்கம் கிடையாது.

"ஆனை ஒரு மரத்தச் சாச்சுப்புடும். செத்துப்போச்சுன்னு எழுதுவோம். அடுத்த வருசம் போனா தூர்லேருந்து தளிர் விட்டிருக்கும். மறுபடி உசுரோட இருக்குன்னு எழுதணும். அதுக்கு அடுத்த வருசம் தீ வந்து அந்தத் தளிரு போயிரும். மறுபடி செத்துப்போச்சு." அண்ணா சிரித்தார். "சில மரம் என் கையால மூணு தடவ செத்திருக்கு."

அந்த 50 ஹெக்டேரில் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தது கைடியா என்கிற சின்ன மரம், செம்பருத்திக் குடும்பம். யானைக்கு அதன் பட்டை என்றால் உயிர். தின்று தின்று, நடுவே தீயும் சேர்ந்து, பத்துப் பதினைந்து வருடத்தில் மிகப்பெரும் பகுதி காணாமல் போனது. ஒரு நாள் வந்து பார்க்கிறவனுக்கு அது தெரியவே தெரியாது. காடு பச்சையாகத்தான் இருக்கும், மரங்கள் நின்றுகொண்டுதான் இருக்கும். அங்கே இருந்த ஒன்று இல்லை என்று சொல்ல, முன்பே யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். உண்ணிச்செடி கூடியதும் அதே கட்டங்களில்தான் வருடாவருடம் பதிவாகியிருக்கிறது.

"நீங்க போன அந்தக் கட்டங்கள்ல ஒண்ணுமே இல்லாத கட்டமும் இருக்குமாண்ணா?"

"இருக்கும். அங்கயும் போவணும். போயி நின்னு பாத்துட்டு, ஒண்ணுமில்லன்னு எழுதிட்டு வரணும். ஒரு தடவ சலிச்சுப்போயி, போன வருசம் இல்ல, இந்த வருசமும் இருக்காதுன்னு போகாமலே எழுதிட்டான் ஒருத்தன். அடுத்த வருசம் அங்க நாலு வயசுக் கன்னு நிக்குது." எழுதியவன் யார் என்று கேட்டேன். அண்ணா பீடியைத் தேடினார். காட்டுக்குள் பீடி கூடாது என்று நினைவு வந்து கையை எடுத்துவிட்டார்.

இரண்டாவது கிலோமீட்டரில் எதுவுமே இல்லை. முழுக்க உண்ணிப்புதர், யானையும் நுழைய விரும்பாத அடர்த்தி. 52 குவியல்களோடு கோடு முடிந்தது, அத்தனையும் முதல் பாதியில்.

மே 25, சனி

தண்ணீர்க் குட்டை. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை ஒரு பாறை மேல். கீழே குட்டை, அதைச் சுற்றி மிதிபட்ட சேறு, சேற்றில் யானைத் தடம், புள்ளிமான் குளம்பு, சிறுத்தையுடையது என்று அண்ணா சொன்ன ஒரு பாதம். மணிக்கு ஒரு கட்டமாகப் பன்னிரண்டு கட்டங்கள்.

இந்த வருடக் கோடை கொடுமை. பிப்ரவரியிலிருந்து குட்டைகள் வற்றி, லாரியில் தண்ணீர் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றினார்களாம். அந்த நிலைமை நீடித்திருந்தால் இன்று இந்தக் குட்டைக்கு ஊர்வலம் வந்திருக்கும். ஆனால் போன வார மழையில் ஒவ்வொரு பள்ளத்திலும் தண்ணீர். வாசலிலேயே குழாய் வந்தபின் தெருமுனைக்கு யார் குடத்தைத் தூக்குவார்கள்?

ஆறிலிருந்து ஏழு, பூஜ்யம். ஏழிலிருந்து எட்டு, பூஜ்யம். மயில்கள் வந்தன. காட்டுப்பன்றிக் குடும்பம் ஒன்று வந்து சேற்றில் புரண்டது. கீரி. அவற்றுக்கெல்லாம் இந்தப் படிவத்தில் இடம் கிடையாது.

ஒன்பதரைக்கு மேலே பார்த்தேன். அகலச் சிறகு, குட்டை வால், அசைக்காமல் வட்டம். மூன்று. திரும்பியபோது முதுகில் வெள்ளை பளிச்சென்றது. வெண்முதுகுப் பாறு, பிணந்தின்னிக் கழுகு! மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்கிற வலி மருந்து, அந்த மாடு செத்தபின் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, இந்தியா முழுக்க இந்த இனத்தை நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சாத அளவுக்குக் கொண்டுபோனது. கால்நடைகளுக்கு அதை 2006இல் தடை செய்தார்கள். மாயாற்றுக் கரையில் நீர்மருது மரங்களில் கூடு கட்டித் தென்னிந்தியாவில் மிஞ்சியவற்றில் பெரிய கூட்டம் இங்கே இருக்கிறது. அவற்றையும் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து ஒரே நேரத்தில்தான் எண்ணுகின்றன. குறிப்புப் பகுதியில் 'பாறு 3' என்று எழுதினேன்.

பத்து மணிக்குமேல் வெயில் ஏறியது. அண்ணா கீழ்ப்பக்க ஓடையைப் பார்த்துவிட்டு வருவதாகப் போனார். சின்னவரும் கூடப் போனார். வனக்காப்பாளருக்கு வாக்கிடாக்கியில் அழைப்பு வந்தது, சிக்னல் தேடிப் பாறையின் மறுபக்கம் ஏறினார். நான் மட்டும். காலை நாலரைக்கு எழுந்த கண்.

அவர்கள் திரும்பிவந்த சத்தத்தில்தான் விழித்தேன். மணி பன்னிரண்டு ஐந்து. நல்லவேளை, குட்டையைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தேன், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. குட்டைக் கரையில் புதுத் தடம் எதுவும் இருக்கிற மாதிரியும் தெரியவில்லை. பாறை மேலிருந்து என்ன தெரியும்!

ஒன்று, இரண்டு, மூன்று. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். நாலு மணிக்கு ஒரு தூறல். ஐந்தரைக்குப் புள்ளிமான் கூட்டம் கூச்சலிட்டது, எல்லாரும் நிமிர்ந்தோம், ஒன்றும் வரவில்லை. ஆறு மணிக்குப் படிவத்தை மடித்தேன்.

ராத்திரி மற்ற குழுக்கள் கதை சொன்னார்கள். ஆற்றுப் பக்கம் போனவர்கள் இரண்டு கூட்டம் பார்த்திருக்கிறார்கள். புகைப்படக்காரர் கேமராவின் திரையை ஆள் ஆளுக்குக் காட்டினார். என் முறை வந்தபோது "மழை பெஞ்சிருக்குல்ல, அதான்" என்றேன். அண்ணா களியைத் தட்டில் உருட்டியபடி, "மழைக்கு அப்புறம் குட்டைக்கு வரலன்னா அதுதான சரி. வந்திருந்தாத்தான் யோசிக்கணும்" என்றார்.

போன வருடக் கணக்கில் தமிழ்நாட்டுக்கு 2,961 யானை. 2017இல் 2,761. செய்தித்தாள்கள் 200 கூடியது என்று மகிழ்ந்தன. யானை கிட்டத்தட்ட 22 மாதம் சுமக்கிறது, ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் நாலைந்து வருட இடைவெளி. ஒரு வருடத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் நடுவில் எண்ணிக்கை ஏறினாலும் இறங்கினாலும் அதில் பிறப்பு எவ்வளவு, மழை எவ்வளவு, எல்லை தாண்டியது எவ்வளவு, என் போன்ற ஆட்களின் கண் எவ்வளவு என்று பிரிக்க, இன்னும் பல வருடம் இதே கோட்டில் இதே மாதிரி தவழ வேண்டும்.

மே 26, ஞாயிறு

ஜீப்பில் சரக அலுவலகத்துக்கு வரும் வழியில் ஒரு பெரிய பரப்பில் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். காட்டை அழிக்கிறார்களே என்று பதறினேன். மஞ்சள் கொன்றை என்றார் வனக்காப்பாளர். அழகுக்கும் விறகுக்கும் நட்ட இன்னொரு அமெரிக்க மரம். வெட்டினால் தூரிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும், வேரோடு எடுக்க வேண்டும், அல்லது பட்டையை வளையமாக உரித்துச் சாகவிட வேண்டும். வெட்டிய மரம் தமிழ்நாடு காகித ஆலைக்குக் கூழாகப் போகிறது. நான் இந்த வரிகளை எழுதும் நோட்டும் அதுவாக இருக்கலாம்.

அலுவலகத்தில் படிவங்களைச் சரிபார்த்து வாங்கியது ஒரு இளம் பெண். உயிரியலாளர். லத்திப் படிவத்தைப் புரட்டினார், "இரண்டாவது கிலோமீட்டர் பூஜ்யமா, குட்" என்றார். மசாலா பாக்கெட் குறிப்பைப் படித்துவிட்டு எதுவும் சொல்லாமல் பக்கத்தில் ஒரு டிக் போட்டார். குட்டைப் படிவத்துக்கு வந்தார்.

"பதினொண்ணுலேருந்து பன்னெண்டு காலியா இருக்கே சார்?"

அந்தக் கட்டத்தில் மட்டும் எழுத என் கை போகவில்லை. நேற்று ராத்திரி இரண்டு தடவை பேனாவை எடுத்து வைத்தேன். மொத்தம் பன்னிரண்டு கட்டத்தில் பதினொன்று பூஜ்யம், இதுவும் பூஜ்யமாகத்தான் இருந்திருக்கும், யாருக்குத் தெரியப்போகிறது.

"தூங்கிட்டேன் மேடம்."

வனக்காப்பாளர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அண்ணா தரையைப் பார்த்தார். அந்தப் பெண் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. சிவப்புப் பேனாவால் அந்தக் கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு, ஓரத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதி, படிவத்தை என் பக்கம் திருப்பினார்.

"இங்க ஒரு கையெழுத்து போடுங்க."